நீச்சலுக்கு ஒரு வெள்ளி, கூடவே ஐசி எண்: ஆக்டிவ்எஸ்ஜி பற்றி என் மதிப்பீடு

"அது என்ன நூறு வெள்ளியாம்? கீழ் வீட்டு அம்மா வாங்கிட்டாங்களாம். எனக்கு ஏன் வரலை?" என்று 2025-இல் ஒரு நாள் என் அம்மா கேட்டார். சிங்கப்பூரின் அறுபதாம் ஆண்டு எஸ்ஜி60 கொண்டாட்டத்துக்காக, பொது நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கூடம் போன்றவற்றுக்கான அரசுத் திட்டமான ஆக்டிவ்எஸ்ஜியின் உறுப்பினர்களுக்குச் செயலிப் பணப்பையில் கொடுக்கப்பட்ட நூறு வெள்ளியைத்தான் சொல்கிறார். அம்மாவுக்கு 73 வயது. ஈசூனில் என்னோடுதான் இருக்கிறார். நீச்சல் குளத்தைப் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி, உறுப்பினராகச் சேர்ந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரைச் சேர்த்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரம்தான் இதை எழுத வைத்தது.

நான் 2014-லேயே சேர்ந்தவள். சிங்கப்பூர் விளையாட்டு மன்றம் அந்த ஆண்டுதான் ஸ்போர்ட் சிங்கப்பூர் என்று பெயர் மாற்றிக்கொண்டு ஆக்டிவ்எஸ்ஜி திட்டத்தைத் தொடங்கியது. அப்போதும் ஒரு நூறு வெள்ளி கொடுத்தார்கள், நானும் அதற்காகத்தான் ஓடினேன். இத்தனை வருடமாக எதையும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிக்கொண்டே வந்தவள், அம்மாவுக்காக உட்கார்ந்தபோது ஒவ்வொரு வரியாகப் படித்தேன். காரணம் இருக்கிறது. நான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு முதலாளி என்னையே தகவல் பாதுகாப்பு அதிகாரியாகவும் போட்டுவிட்டார். எந்த நிறுவனமாக இருந்தாலும் ஒருவரையாவது அப்படி நியமித்தாக வேண்டும் என்பது சட்டம். சம்பளம் ஏறவில்லை, சந்தேக புத்தி மட்டும் ஏறிவிட்டது.

குளத்தின் தண்ணீரைப் பற்றியும் உடை மாற்றும் அறையைப் பற்றியும் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் பேசப்போவது, நம்மைப் பற்றிய விவரங்களை இவர்கள் எப்படி வாங்குகிறார்கள், வாங்கியதை என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாங்கும் விதம் சுத்தம். சிங்பாஸ் என்ற அரசின் மின்னடையாளம் வழியாக உள்ளே போகிறோம். பெயர், ஐசி எண் (அடையாள அட்டை எண்), பிறந்த தேதி என்று என்னென்ன விவரம் போகப்போகிறது என்று ஒரு பக்கம் காட்டுகிறது, சரி என்றால் மட்டும் நகர்கிறது. யாருக்கும் எதையும் புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டியதில்லை. வயதையும் குடியுரிமையையும் கேட்பதற்கு நியாயம் உண்டு, கட்டணமே அதை வைத்துத்தான். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சாதாரண நீச்சல் குளத்தில் வார நாளில் ஒரு வெள்ளி, வார இறுதியில் 1.30. மூத்தோருக்கு அதைவிடக் குறைவு.

சிங்பாஸ் முகச் சரிபார்ப்புதான் எங்களைப் படுத்தி எடுத்தது. திரையில் கலர் கலராக வெளிச்சம் மாறுகிறது, அம்மா பயந்து கண்ணை மூடிக்கொள்கிறார். "கண்ணாடியைக் கழட்டுங்கம்மா." "கழட்டினா எங்க பாக்குறதுன்னே தெரியலையே." நான்காவது தடவை நான் பின்னால் நின்று அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பச்சை வட்டம் வந்தது. "என் மூஞ்சிய இப்ப யாரு வச்சிருக்கா?" என்று கேட்டார் பாருங்கள், எங்கள் அலுவலகத்தில் நான் எடுத்த மூன்று பயிற்சி வகுப்பில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது சிங்பாஸ்தான், ஆக்டிவ்எஸ்ஜிக்கு 'ஆமாம், இவர்தான்' என்ற பதில் மட்டும் போகிறது என்று விளக்கினேன். பாதி நம்பினார்.

முன்பெல்லாம் எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். தனியார் மன்றங்களில் பந்தோ மட்டையோ இரவல் வேண்டுமென்றால் கவுண்டரில் ஐசியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ரப்பர் பேண்டு போட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாருடைய ஐசியும் கிடக்கும். ஒருமுறை என்னிடம் வேறு ஒரு பெண்ணின் ஐசியைக் கொடுத்துவிட்டார்கள், வீட்டு முகவரியோடு. 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தனியார் நிறுவனங்கள் சட்டப்படி அவசியம் இல்லாமல் ஐசி எண்ணை வாங்குவதும் அட்டையைப் பிடித்து வைப்பதும் கூடாது என்று வந்த பிறகுதான் அந்த டப்பா ஒழிந்தது.

ஒழிந்தது என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. 2023-இல் என் மகனை ஒரு பூப்பந்துப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தேன். பெயர் வேண்டாம், தனியார் பள்ளி. பிறப்புச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நம் ஊரில் பிறப்புச் சான்றிதழ் எண்தான் பிறகு ஐசி எண்ணாகிறது, ஆயுசுக்கும் மாறாது. 'வயதைத்தானே பார்க்க வேண்டும், நேரில் காட்டுகிறேன்' என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் பெற்றோர் குழுவில் ஒரு எக்செல் தாள் வந்து விழுந்தது. நாற்பது பிள்ளைகளின் பெயர், சான்றிதழ் எண், பள்ளிக்கூடம், அம்மாவின் தொலைபேசி எண், யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பது வரை. 'சட்டை அளவைச் சரிபார்க்கவும்' என்று கீழே ஒரு வரி. சட்டை அளவுக்கு இறால் எதற்கு?

நான் உடனே எழுதினேன். உங்கள் தகவல் பாதுகாப்பு அதிகாரி யார், அந்தத் தாளை எடுங்கள், என் மகனைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாள் போனது. பத்து நாளில் பட்டியலும் ஒரு மன்னிப்பும் வந்தன. பயிற்றுநர் கெட்டவர் இல்லை, பாவம், மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அந்தப் பத்து நாள் அவசரம் எங்கிருந்து வந்தது? 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து. நான் கேட்டால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தருவோம் என்றாவது சொல்ல வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு ஒரு மில்லியன் வெள்ளி வரை அபராதம். உள்ளூர் விற்றுமுதல் பத்து மில்லியனைத் தாண்டிய நிறுவனமாக இருந்தால் அதில் பத்து விழுக்காடு வரைகூடப் போகலாம்.

அந்தச் சட்டம் ஸ்போர்ட் சிங்கப்பூரைத் தொடாது. அரசு முகமைகளுக்கு அதிலிருந்து விலக்கு, ஸ்போர்ட் சிங்கப்பூர் ஆணை பெற்ற கழகம், அதாவது சட்டம் போட்டு அமைத்த அரசு அமைப்பு. அவர்களுக்கு 2018-இல் வந்த பொதுத்துறை ஆளுமைச் சட்டமும் அரசின் உள் விதிமுறைகளும்தான். தகவலை அனுமதியில்லாமல் வெளியிடும் அதிகாரிக்கு ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கேட்க பயமாகத்தான் இருக்கிறது. அரசு முகமைக்கு அபராதம் போட்டால் என் வரிப்பணத்தை இந்தப் பையிலிருந்து எடுத்து அந்தப் பையில் வைப்பதுதானே, ஆளைத் தண்டிப்பதே சரி என்ற வாதமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதிகாரியை உள்ளே போடுவதால் எனக்கு என் பட்டியல் வராது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நான் ஆக்டிவ்எஸ்ஜிக்கு மின்னஞ்சல் போட்டால் மரியாதையாகவே பதில் வரலாம். அது அவர்களுடைய மரியாதை, என்னுடைய உரிமை இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் பயிற்றுநருக்கு உள்ள கடமை, நாடு முழுக்க உறுப்பினர்களை வைத்திருக்கும் முகமைக்கு என் விஷயத்தில் இல்லை. இந்த இடத்தில்தான் நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

அப்புறம் அந்தத் தனியுரிமை அறிக்கை. நம் அரசு இணையதளங்களில் வழக்கமாக இருக்கும் வாசகத்தைப் படித்திருப்பீர்கள், அல்லது என்னைப் போலப் படிக்காமல் தாண்டியிருப்பீர்கள். சாரம் இதுதான்: உங்களுக்குச் சிறப்பாகச் சேவை செய்வதற்காகத் தேவையான தகவலை மற்ற அரசு முகமைகளோடு பகிர்ந்துகொள்ளலாம், சட்டம் தடுத்தால் ஒழிய. அரசு சாராதவர்களுக்குத் தர மாட்டோம், அரசுப் பணியைச் செய்ய அனுமதி பெற்றவர்களைத் தவிர. பொதுச் சேவைக்குத் தேவைப்படும் வரை வைத்திருப்போம். சொற்கள் எளிமை, சுருக்கம், பாராட்டலாம். ஆனால் 'தேவையான' என்ற ஒரு சொல்லின் தலையில் எவ்வளவு சுமை! எத்தனை வருடம் தேவை? நான் 2014-இல் எந்தச் செவ்வாய்க்கிழமை நீந்தினேன் என்பது இன்னும் தேவையா? எங்கள் நிறுவனத்தில் நான் அப்படி எழுதிக் கொண்டுபோனால் தணிக்கையாளர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்.

நீச்சல் விவரம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் செயலியைத் திறந்து பணப்பையின் வரவு செலவைப் பாருங்கள். நானும் பார்த்தேன். செவ்வாய், வியாழன் மாலை ஏழு மணிக்கு நுழைவு, மாதக் கணக்கில் ஒரே மாதிரி. நான் வீட்டில் இல்லாத நேரத்தை இவ்வளவு ஒழுங்காக என் கணவர்கூடக் குறித்து வைத்ததில்லை.

அம்மாவுக்கு ஒரு உடற்பயிற்சி வகுப்பும் பார்த்தோம். அதற்கு முன் உடல்நலக் கேள்விகள். நெஞ்சுவலி உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, என்ன மருந்து. "சுகர்னு போடாதே, சேத்துக்க மாட்டாங்க" என்று என் கையைப் பிடித்தார் அம்மா. போட்டேன், மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? ஆனால் போடும்போது கை ஒரு நொடி நின்றது. 2018-இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிக்குள் ஊடுருவி ஒன்றரை மில்லியன் பேரின் விவரங்களைத் திருடினார்கள், அதில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து விவரமும் போனது, அன்றைய பிரதமருடையது உட்பட. விளையாட்டிலும் நடந்திருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தரவுத்தளத்திலிருந்து வீரர்களின் மருந்து அனுமதிகளை எடுத்து இணையத்தில் போட்டார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை, முறையாக அனுமதி வாங்கிய மருந்துதான். ஆனால் தனக்குச் சின்ன வயதிலிருந்தே கவனக்குறைபாட்டுப் பிரச்சினை இருக்கிறது என்று அந்தப் பெண் உலகத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மாவின் சர்க்கரையை யாரும் திருட வர மாட்டார்கள், தெரியும். இருந்தாலும் அந்தப் படிவம் வகுப்பு முடிந்த பிறகு எங்கே போகிறது என்று பக்கத்திலேயே ஒரு வரி இருந்தால் கை நின்றிருக்காது.

வாங்கிய காரணம் வேறு, பயன்படும் காரணம் வேறு என்று ஆவதை நாம் ஒருமுறை பார்த்திருக்கிறோம். கொவிட் காலத்தில், யார் யாரோடு இருந்தார்கள் என்று பதிவு செய்யும் ட்ரேஸ்டுகெதர் செயலியையோ கருவியையோ காட்டாமல் விளையாட்டு அரங்கத்துக்குள் கால் வைக்க முடியாது என்ற நிலைகூட ஒரு கட்டத்தில் வந்தது. தொற்று பரவிய வழியைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்றார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் காவல்துறையும் அதைக் கேட்டு வாங்கலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிய வந்தது. ஊரே பேசியது. அடுத்த மாதமே சட்டம் போட்டு, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். நியாயமாகத்தான் முடித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் முதலில் சொன்ன 'மட்டும்' என்ற சொல் ஓராண்டுகூடத் தாங்கவில்லையே.

ஐசி எண் விஷயத்தில் என் தலையிலும் ஒரு குட்டு வைத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பரில், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசின் பிஸ்ஃபைல் தளத்தில் யார் தேடினாலும் முழு ஐசி எண் வந்து, பெரிய அமளியாகி, மன்னிப்புக் கேட்டார்கள். அதோடு, ஐசி எண் பெயரைப் போன்ற ஓர் அடையாளம்தான், அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தாதீர்கள் என்றும் அரசு சொன்னது. நான் அன்றுவரை எங்கள் ஊழியர்களின் சம்பளச் சீட்டை எதை வைத்துப் பூட்டி அனுப்பினேன்? ஐசியின் கடைசி நான்கு எழுத்து, கூடவே பிறந்த தேதி. மறுவாரமே மாற்றினேன். ஆகவே ஆக்டிவ்எஸ்ஜியிடம் என் எண் இருப்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. அதோடு சேர்ந்து எது எது இருக்கிறது என்பதுதான் கவலை.

சரி, மதிப்பெண். ஐந்துக்கு மூன்றரை. வாங்கும் முறைக்கு முழுசாகக் கொடுக்கலாம், பக்கத்துத் தனியார் பள்ளிகள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். குறைத்த ஒன்றரையும் வாங்கிய பிறகு என்னோடு பேசாமல் இருப்பதற்கு. செயலியில் 'உங்களைப் பற்றி எங்களிடம் இருப்பவை' என்று ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை ஆண்டு என்று போட்டுவிட்டால் நானே வந்து அரை மதிப்பெண் கூட்டுகிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் சேருங்கள், ஒரு வெள்ளிக்கு இந்தக் குளம் வேறெங்கும் கிடைக்காது. விளம்பரத் தகவல் வேண்டுமா என்று கேட்கும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பெற்றோர் அல்லது பிள்ளைகளுக்காக நீங்கள் பதிகிறீர்கள் என்றால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதியுங்கள், அவர்கள் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தோன்றாது.

அம்மா இப்போது புதன்கிழமை காலைகளில் போகிறார், முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கிறார். நான் சொன்னதில் அவருக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று, நுழைவுக் குறியீட்டை யாருக்கும் காட்டாதீர்கள் என்றது. வாசலில் துப்பட்டாவால் தொலைபேசியை மூடி, பின்னால் நிற்பவரை ஒரு முறை முறைத்துவிட்டு, அப்படியே மூடியபடி கருவியில் நீட்டுகிறார். துணியோடு அது எப்படி வேலை செய்யும்? ஒவ்வொரு வாரமும் கவுண்டரில் இருப்பவர் எழுந்து வந்து, "ஆன்ட்டி, ஓப்பன், ஓப்பன்" என்கிறார்.