டெம்பரேச்சர் முள் சட்டென்று தாவினால் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேறு பழைய வண்டி என்றாலும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மீட்டரில் ஒரு முள் தப்பாகக் காட்டியதற்கு ₹21,800 தண்டம் அழுதிருக்கிறேன்.

வண்டி 1998 மாடல், கார்புரேட்டர். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். மே மாதக் கத்திரி வெயிலில் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வேளச்சேரி ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். பள்ளிக்கரணை தாண்டி ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியது. அவ்வளவுதான், நடுவில் நின்ற டெம்பரேச்சர் முள் ஒரே தாவாக H-க்கு (ஹாட், அதாவது சூட்டின் உச்சி) போய் முட்டிக்கொண்டது. பயந்துபோய் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். ஆவி இல்லை, ஒழுகல் இல்லை, கூலன்ட் பாட்டிலில் அளவு கோட்டிலேயே இருந்தது. இன்ஜின் நிஜமாகவே கொதித்திருந்தால் தானாகச் சுற்ற வேண்டிய ரேடியேட்டர் ஃபேன்கூடச் சுற்றவில்லை. இதெல்லாம் கண்ணில் பட்டும் எனக்கு அப்போது எதுவும் புரியவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனோம். பெயரை எழுதவில்லை, புகார் நடக்கிறது. அங்கிருந்தவர் முள்ளைப் பார்த்தார், ஆயில் மூடியைத் திறந்து மூடினார். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு மேடம். இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிடும்" என்றார். மொத்தமே ஐந்து நிமிடம். ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி. அதற்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். பின்சீட்டில் வியர்த்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன், சரி என்று சொல்லிவிட்டேன். நான்கு நாள் கழித்து பில் வந்தது: கேஸ்கெட் செட், லேத்தில் ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்குவது), வாட்டர் பம்ப், புது தெர்மோஸ்டாட், லேபர். கழற்றிய பழைய கேஸ்கெட்டை ஒரு கவரில் சுற்றி டிக்கியில் போட்டிருந்தார்கள். நேர்மையாக வேலை பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை சாவியைத் திருப்பினேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது. இன்னும் ஸ்டார்ட்கூடப் பண்ணவில்லை, முள் H-இல் நிற்கிறது.

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டினேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. இக்னிஷன் ஆனில் இருக்க, டெம்பரேச்சர் சென்சாரில் செருகியிருந்த ஒற்றை வயரைப் பிடுங்கினார். "முள் இறங்குதாம்மா?" என்று கேட்டார். இறங்கவில்லை. "அப்போ சென்சார் மேல தப்பில்ல, வயர் எங்கயோ பாடியில தொடுது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். இந்த மாதிரி வண்டியில் சென்சார் சூடாகச் சூடாக அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், முள் ஏறும். வயர் நேராக இன்ஜினிலோ பாடியிலோ தொட்டுவிட்டால் ரெசிஸ்டன்ஸே கிடையாது, முள் உச்சிக்குப் போய்விடும். வயரைப் பிடுங்கியதும் முள் கீழே இறங்கினால் சென்சாரைச் சந்தேகப்படலாம், இறங்காவிட்டால் வயரில் கோளாறு. முள் எப்போதும் C-யிலேயே (கோல்டு) செத்துக் கிடந்தால் வயரை ஒரு நொடி இன்ஜினில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏறினால் மீட்டர் நன்றாக இருக்கிறது. ஹெட்லைட் போட்டதும் முள் அசைந்தால் எர்த்தை, அதாவது பாடியோடு சேரும் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

வயர்க் கற்றையை விரலால் நீவிக்கொண்டே போனார். இன்ஜின் பக்கத்து பிராக்கெட் ஒன்றின் விளிம்பில் உராய்ந்து, ஒரு நெல் நீளத்துக்குத் தோல் உரிந்து, கறுத்த செம்பு தெரிந்தது. அந்த இடத்தை விரலால் தூக்கினார், முள் விழுந்தது. விட்டார், மறுபடி ஏறியது. ஸ்லீவ் போட்டு வேறு பக்கமாகக் கட்டிக் கொடுத்தார். ₹150 வாங்கினார்.

அப்புறம்தான் அந்தக் கவரை எடுத்துக் காட்டினேன். விரித்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏம்மா, உங்க வண்டி மூணு சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரு பெரிய ஓட்டைதான் இருக்கணும், இதுல நாலு இருக்கே!"

எனக்குக் கை நடுங்கியது. ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் புகைக்குழாய் நட்டுகளை அவிழ்க்காமல் முடியாது. டார்ச் அடித்துக் காட்டினார், துருவும் மண்ணும் அப்படியே இறுகியிருந்தன. வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் அதற்குள் வெதுவெதுப்பானது. தெர்மோஸ்டாட் என்பது சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் வால்வு. அது இருந்தால் தண்ணீர் 80 டிகிரி தாண்டும்வரை அந்த ஹோஸ் பெரிதாகச் சுடாது. தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே காலி. புதிது போட்டதாகப் பில் போட்டுவிட்டு, இருந்ததையும் உருவிவிட்டார்கள். கார்புரேட்டர் இன்ஜின் சரியாகச் சூடேறாமல் ஓடினால் பெட்ரோல்தான் வீணாகும். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் ஒரு தெர்மோஸ்டாட் வாங்கிவந்து மாட்டினேன்.

கேஸ்கெட் நிஜமாகவே போயிருந்தால் வேறு அடையாளங்கள் இருக்கும். ஒழுகாமலே கூலன்ட் குறையும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி மாதிரிப் படியும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும். ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். இவற்றில் ஒன்றையாவது உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருக்கும் கடையானால் சூட்டை அளந்தே காட்டலாம். பளபளக்கும் உலோகத்தில் அடித்தால் தப்பாகக் காட்டும், கறுப்பு ஹோஸில் அடிக்கச் சொல்லுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

இதைப் படித்துவிட்டு, முள் ஏறினாலே பொய் என்று யாரும் ஓட்டிவிட வேண்டாம். உண்மையான சூடு பெரும்பாலும் மெல்ல மெல்ல ஏறும். அப்படி ஏறினால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்பதால் முள் கீழே இறங்கிக் காட்டவும் செய்யும். அது இன்னும் ஆபத்து.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணி, மூணு சிலிண்டர் வண்டியில் நாலு ஓட்டை கேஸ்கெட் எப்படி வந்தது என்று கேட்டேன். "பையன் மாத்தி வெச்சிருப்பான்" என்றார்கள். சரி, என் வண்டியில் கழற்றியது எங்கே என்றேன். லைன் கட். அதன்பிறகு எடுக்கவே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பணம் திரும்பி வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், ₹5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பில்லையும் அந்த நாலு ஓட்டை கேஸ்கெட்டையும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.