எடை குறைப்பில் நிலைத்து நின்ற பழக்கங்கள்: யாங்கோனிலிருந்து ஒரு நீண்டகால அனுபவப் பகிர்வு

உடல் எடையைக் குறைப்பதற்காக நான் கைக்கொண்ட பழக்கங்களுள் இன்றும் தொடர்பவை எவை, சில மாதங்களிலேயே கழன்றுபோனவை எவை என்பதை ஐந்தாறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் மதிப்பிட்டு எழுதுகிறேன். இங்கே யாங்கோனில் உடல் எடையைப் பவுண்டில் சொல்வதே வழக்கம். அந்தக் கணக்கில் 180ஐத் தொட்டிருந்த என் எடை முதல் ஒன்றரை ஆண்டில் 155 அளவுக்கு இறங்கி, அதன் பிறகு நான்கைந்து பவுண்டு ஏறுவதும் இறங்குவதுமாக அங்கேயே நிற்கிறது. சாப்பாட்டுத் தட்டின் முன் அமர்ந்தபின் மனத்தை அடக்கச் சொல்லும் பழக்கம் எதுவும் எனக்கு நிலைக்கவில்லை. உலை வைப்பதற்கு முன்பே அளவைத் தீர்த்துவிடும் பழக்கங்கள்தாம் நிலைத்தன.

அவற்றுள் முதலிடத்தை அரிசி அளக்கும் பால் டின்னுக்கே கொடுப்பேன். பர்மாவில் அரிசியைக் கடையில் பியிக் கணக்கிலும் வீட்டில் கெட்டிப்பால் டின் கணக்கிலும் அளக்கிறோம். எட்டு டின் சேர்ந்தது ஒரு பியி. தலை தட்டி அளந்தால் ஒரு டின் அரிசி ஏறக்குறைய 265 கிராம் இருக்கும், அதாவது சுமார் 950 கலோரி. நால்வர் உள்ள எங்கள் வீட்டில் காலையில் ஒரே முறை வடித்து இருவேளைக்கும் வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு நான்கு டின் அரிசியைக் குவித்துப் போடுவது அம்மா காலத்து அளவு. அளக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டு, டின்னின் விளிம்பைச் சுட்டுவிரலால் வழித்துவிட்டு, மூன்று டின்னோடு நிறுத்தினேன். குவியலாக விழுந்துகொண்டிருந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் இதனால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 240 கலோரி குறைகிறது. “வாசலில் யாராவது வந்து நின்றால் பானையில் சோறு இருக்க வேண்டாமா?” என்று அம்மா கேட்டது நியாயமான கேள்விதான், அதற்காக ஒரு பொட்டலம் சேமியாவை எப்போதும் வைத்திருக்கிறோம். மின்வெட்டு நீளும் நாட்களில் குளிர்பெட்டியை நம்பி எதையும் எடுத்துவைக்க முடியாது. மிஞ்சிய குழம்பைக் கொட்ட மனமின்றி வீட்டில் யாரோ ஒருவர் அதைத் தின்று தீர்ப்பார். அளந்து சமைக்கத் தொடங்கிய பின் அந்தக் கூடுதல் சாப்பாடும் நின்றது.

அடுத்தது தேநீர். இந்த ஊர்த் தேநீர்க்கடையில் வெறுமனே தேநீர் என்று கேட்பவர் அரிது; இனிப்பும் பாலின் செறிவும் கூடிய ‘சோ செயின்’ வேண்டுமா, இனிப்புக் குறைந்து சாயம் ஏறிய ‘போ ஜ’ வேண்டுமா என்று சொல்லியே கேட்போம். சோ செயினின் இனிப்பு கெட்டிப்பாலிலிருந்து வருவது. கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு குவளையில் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் அதுவே 130 கலோரியை ஒட்டிவிடும். அலுவலக இடைவேளைகளில் மூன்று குவளை அருந்துகிறவர், நூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட அரிசியை வடித்த சோற்றைத் தம்மை அறியாமலே கூடுதலாக உண்டதாக ஆகிறது, அதுவும் வயிறு நிறைந்த உணர்வு இல்லாமல். நான் நாளுக்கு ஒரு போ ஜ என்று வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் கடைக்காரர் மேசையில் இலவசமாக வைக்கும் வெறும் பச்சைத் தேநீரையே ஊற்றிக்கொள்கிறேன். பச்சைத் தேநீர் கொழுப்பைக் கரைக்கும் என்று பலர் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. நண்பர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கையில் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கிறது என்பதே அதன் உண்மையான பயன். முதல் இரண்டு மூன்று வாரம் போ ஜ கசப்பாகவே இருந்தது. இப்போது சோ செயின் திகட்டுகிறது.

எண்ணெயில் கை வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், ஏனெனில் பர்மியக் கறியின் பக்குவமே நீர் வற்றி எண்ணெய் மேலே மிதந்து நிற்பதில் இருக்கிறது. நம் வத்தக்குழம்பும் எண்ணெய் பிரிந்தால்தான் குழம்பு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. கடலை எண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் இதில் வேறுபாடு இல்லை. எண்ணெயை விட்டுவிடச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும் என்பதால், வாரத்துக்கான எண்ணெயை ஞாயிற்றுக்கிழமை ஒரு சீசாவில் தனியே ஊற்றி அடுப்பருகே வைக்கும் ஏற்பாட்டுக்கு மனைவி ஒப்புக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சீசா காலியானால் சனிக்கிழமை ரசமும் சுட்ட கருவாடும்தான்.

அரிசி குறைந்த இடத்தை வேறொன்று நிரப்பாவிட்டால் மாலை நான்கு மணிக்குப் பசி வந்து எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும். காலையில் தெருவில் கூவி விற்கும் வேகவைத்த பட்டாணி, முட்டை, ஆற்று மீன், கடலைமாவில் செய்யும் ஷான் தோஃபு ஆகியவை எனக்கு உதவின. புரதமும் நார்ச்சத்தும் பசியைத் தாமதப்படுத்துகின்றன. எடை இறங்கும்போது தசை கரையாமலிருக்கவும் புரதம் தேவைப்படுகிறது. ஆனால் அந்தப் பட்டாணியையே எண்ணெய் சொட்டும் பலாட்டாவோடு சேர்த்துத் தின்றால் கிடைக்கும் நன்மை மிகச் சிறிது.

காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்ததும் எடை பார்க்கும் பழக்கத்தைப் பற்றி இரண்டு வகையாகவும் சொல்வார்கள். எனக்கு அது பயன்பட்டது, ஒரு நாளின் எண்ணைப் பொருட்படுத்தாமல் வாரச் சராசரியை மட்டும் பார்க்கும் கட்டுப்பாட்டோடு. நப்பி எனும் புளிக்கவைத்த மீன் விழுதும் ஊறுகாயும் சேர்ந்த விருந்துக்கு மறுநாள் உப்பு பிடித்துவைக்கும் நீராலேயே இரண்டு மூன்று பவுண்டு கூடித் தெரியும். அதேபோல் அரிசியைக் குறைத்த முதல் வாரத்தில் மளமளவென இறங்குவதிலும் பெரும்பகுதி நீர்தான்; தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்ட மாச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்திருந்து, செலவாகும்போது அதையும் விடுவிக்கிறது. எடைக்கருவியைவிட நாடா நம்பகமானது என்பது என் கருத்து. நம்மவர்க்குக் கொழுப்பு வயிற்றிலேயே சேர்வதால், தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எச்சரிக்கை எல்லையாக வைக்கப்பட்டுள்ளன.

நடையைப் பற்றிப் பலருக்கும் உள்ள எதிர்பார்ப்பு மிகையானது. எழுபது கிலோ உள்ளவர் கண்டோஜி ஏரிக்கரையில் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது 130 முதல் 150 கலோரி வரை, அதாவது ஒரு குவளை சோ செயின். நடந்து முடித்த கையோடு கூட்டமாகத் தேநீர்க்கடையில் அமர்ந்து, ஈச்சாகுவே எனும் பொரித்த மாவுப் பலகாரத்தைத் தேநீரில் முக்கித் தின்பவர்களை ஒவ்வொரு காலையிலும் பார்க்கிறேன். அவர்களின் நட்பு வளர்கிறது, எடை குறைவதில்லை. இருந்தாலும் இறங்கிய எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் நடைக்குப் பெரிய பங்கு உண்டு. எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களைப் பின்தொடர்வதற்காக அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்ட தேசியப் பதிவேட்டில் உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேர அளவுக்கு உடலுழைப்பு செய்கிறார்கள். இங்கே மே முதல் அக்டோபர் வரை மழை பிடித்துக்கொள்வதால், அந்த மாதங்களில் எனக்கு நடை என்பது மின்தூக்கி இல்லாத எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுதான்.

படிக்கட்டோடு சேர்ந்தது கயிறு. நகரின் மாடி வீடுகளிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் பையைக் கட்டி இறக்கினால் தெருவில் வரும் வியாபாரி பலகாரத்தை வைத்து அனுப்புவார். நாங்கள் அந்தக் கயிற்றை நாளிதழுக்கும் மருந்துக்கும் மட்டும் என்று ஆக்கிக்கொண்டோம். நான்கு மாடி ஏறி இறங்குவதில் செலவாகும் கலோரி அற்பம். நான்கு மாடி இறங்க வேண்டுமே என்று வாங்காமல் விட்ட தேங்காய்ப்பால் பலகாரங்கள் அற்பமல்ல.

சீரகத் தண்ணீர், தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர், வயிற்றுப் பட்டை, ஒரு வேளை உணவுக்கு மாற்றாக விற்கும் மாவு ஆகியவற்றுள் எதுவும் என் நாடாவில் அரை அங்குலம்கூடக் காட்டவில்லை. மாவு நிறுத்திய மாதமே இறங்கியது ஏறிவிடும், விலையும் கட்டாது. ஏப்ரல் வெக்கையில் விசிறி சுற்றாத இரவுகளுக்கு மறுநாள் இனிப்பின் மேல் கை போவதை மட்டும் இன்னும் தடுக்க முடியவில்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுவதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. அத்தகைய நாட்களில் எடை பார்ப்பதையே விட்டுவிடுகிறேன்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் அரிசியைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். என் அம்மாவுக்கு மருத்துவர் முதலில் மாத்திரையின் அளவை மாற்றி எழுதிய பிறகே நான்காவது டின்னை நிறுத்தினோம்.