குறட்டை விடும் துணையோடு உறங்க: எந்த வழி எதுவரை உதவும்?

குறட்டைக்கு வழி தேடுபவர் பெரும்பாலும் அதை விடுபவர் அல்லர். பக்கத்தில் விழித்துக் கிடப்பவர்தான். ஆகவே முதலில் கைக்கு எட்டுபவை எல்லாம் கேட்பவரைக் காக்கும் வழிகளாகவே இருக்கின்றன: காதை அடைத்துக்கொள்வது, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவது, தலையணையோடு ஹாலுக்குப் போய்விடுவது. விடுபவரின் தொண்டையைக் கவனிக்கும் வழிகள் வேறொரு வரிசை: படுக்கும் நிலையை மாற்றுதல், பற்களில் மாட்டும் தாடைக் கருவி, முகக்கவசம் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவி, அறுவைச் சிகிச்சை. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், எது யாருடைய உறக்கத்தை மீட்கிறது என்று பார்ப்பது நல்லது.

மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான்தான் மிக மலிவான வழி. உறையில் ஏறத்தாழ 30 டெசிபல் வரை சத்தத்தைக் குறைக்கும் என்று அச்சிட்டிருந்தாலும், அது ஆய்வுக்கூடத்தில் சரியாகப் பொருத்தி அளந்த கணக்கு. வீட்டில் அவ்வளவு கிடைப்பதில்லை. அதை விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். வெறுமனே காதில் செருகிவிட்டுப் பயனில்லை என்று தூக்கி எறிந்தவர்கள் பலர். ஆனால் சரியாகப் பொருத்தினாலும், கனத்த தாழ்சுருதியில் எழும் குறட்டையை அது கூர்மையான ஒலிகளைத் தடுக்கும் அளவுக்குத் தடுக்காது. கைக்குழந்தை உள்ள வீட்டில், அழுகையும் சேர்ந்து அமுங்கிவிடுமே என்ற அச்சமும் உண்டு.

தனி அறைக்கு இந்தக் குறைகள் எதுவும் இல்லை. வயது வந்தவருக்கு வேண்டிய ஏழு மணி நேர உறக்கம் அன்றைக்கே கிடைத்துவிடும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் அதற்கு இடம் ஏது என்பதும், மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனியே படுத்தால் மறுநாள் காலையில் என்ன கேள்வி வரும் என்பதும் நம் வீடுகளுக்கே உரிய சங்கடங்கள். ஆயினும் தனி அறையைக் குறித்து எனக்கிருக்கும் தயக்கத்துக்குக் காரணம் வேறு. குறட்டை திடீரென்று நின்று, பத்து வினாடிக்கும் மேலாக மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குவது தூக்கத்தில் நேரும் மூச்சுத்தடை நோயின் அடையாளம். விடுபவருக்கு அது தெரியவே தெரியாது. அதைக் கண்டு சொல்லக்கூடிய ஒரே சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர். அவர் அறை மாறிவிட்டால் சத்தத்தோடு சாட்சியமும் போய்விடுகிறது.

விடுபவர் பக்கத்து வழிகளில் ஒருக்களித்துப் படுப்பதற்குச் செலவே இல்லை. மல்லாந்து படுக்கையில் நாக்கின் அடிப்பகுதியும், அண்ணத்தின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிந்து காற்றின் வழியைக் குறுக்குகின்றன. அந்த இடுக்கில் புகும் காற்று தசைகளை அதிரச் செய்வதுதான் குறட்டை. சட்டையின் முதுகில் பந்து ஒன்றை வைத்துத் தைப்பது பழைய உத்தி. மல்லாந்தால் மட்டும் குறட்டை விடுபவருக்கு அது நன்றாகவே உதவும்; எப்படிப் படுத்தாலும் விடுபவருக்கு முதுகுவலிதான் மிஞ்சும். தாடைக் கருவி இதைவிட நம்பகமானது. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் அக்கருவி கீழ்த்தாடையைச் சற்று முன்னுக்கு இழுத்துப் பிடிப்பதால், நாக்கும் உடன் முன்வந்து தொண்டை அகலப்படுகிறது. தொடக்கத்தில் எச்சில் ஊறும், தாடை வலிக்கும், ஆண்டுக்கணக்கில் அணிந்தால் பல்வரிசை சிறிது நகரவும் கூடும். போதிய சொந்தப் பற்கள் இல்லாதவருக்குப் பொருந்தாது. மூக்கின்மேல் ஒட்டும் பட்டையோ மூக்கடைப்புக்கு மட்டுமே உதவும். தொண்டையில் எழும் சத்தத்துக்கு அதனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

சி-பாப் கருவியும் உள்நாக்கையும் அண்ணத்தின் ஒரு பகுதியையும் அகற்றும் அறுவை முறையும் 1981ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ்களில் மூச்சுத்தடைக்குரிய சிகிச்சைகளாக வெளிவந்தன. முன்னதைச் சிட்னியில் காலின் சல்லிவனும், பின்னதை அமெரிக்காவில் ஷிரோ ஃபுஜிதாவும் அறிமுகம் செய்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் முன்னதே முதன்மைச் சிகிச்சையாக நிற்கிறது. அறுவைக்குப் பிறகு சில வாரம் விழுங்குவதே வேதனை. ஆளுக்கு ஆள் பலன் மாறுபடும். குறட்டை திரும்பி வருவதும் உண்டு. சி-பாப்போ, மாட்டிய முதல் இரவிலேயே குறட்டையை அடக்கிவிடுகிறது. மாட்டுவதுதான் சிக்கல்: முகக்கவசம் அழுத்தும், வாய் உலரும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு வேண்டும், விலையும் பல பத்தாயிரம் ரூபாய். பீரோவுக்குள் போன கருவிகள் ஏராளம். எனினும், மூச்சுத்தடை உறுதியான ஒருவருக்கு இதை விட்டுவிட்டு, மனைவிக்குக் காதடைப்பான் வாங்கித் தருவதை நான் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே என் வரிசை இது. இன்றிரவுக்குக் காதடைப்பான்; இந்த வாரமே ஒருக்களித்துப் படுத்தலும், படுக்கும் முன் மது அருந்தாமையும், ஏனெனில் மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்திவிடுகிறது. எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதையும் தொடங்கலாம், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். இடையில் மூச்சு நிற்பதையோ, பகலில் அமர்ந்த இடத்திலேயே கண் அயர்வதையோ, காலைத் தலைவலியையோ, மருந்துக்கும் அடங்காத இரத்த அழுத்தத்தையோ கண்டால், இரவுச் சத்தத்தை அலைபேசியில் பதிவு செய்துகொண்டு மருத்துவரிடம் போய்த் தூக்கப் பரிசோதனை கேட்க வேண்டும். மணிக்கு ஐந்து முறைக்குக் குறைவாகவே மூச்சு தடைப்படுகிறது என்று முடிவு வந்து, வேறு நோயும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அதன் பிறகு தலையணையோடு ஹாலுக்குப் போவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.