துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெயா, வார்னிஷா?

வால்நட் கட்டை போட்ட வேட்டைத் துப்பாக்கி நாலு நாள் தொடர்ந்து மழையில் நனைந்தால் குறி தப்பத் தொடங்கும். மரம் ஈரத்தை வாங்கி உப்பும். குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டை லேசாக முறுக்கிக்கொண்டு குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். அமெரிக்கக் கருவால்நட் பச்சை மரமாக இருந்து முழுக்கக் காயும்போது வளையங்களை ஒட்டிய திசையில் 7.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கே 5.5 விழுக்காடும் சுருங்கும். இரண்டும் ஒன்றாக இல்லாததால்தான் மரம் ஒரே சீராக உப்பாமல் கோணிக்கொள்கிறது. அலாஸ்கா, ஒரிகன் மாதிரி ஈரம் ஓயாத இடங்களில் எதைப் பூசுவது என்று இவ்வளவு வாதாடுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் ஆளிவிதை எண்ணெய். பிரிட்டிஷ் சிப்பாய்கள் லீ-என்ஃபீல்ட் கட்டையில் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது இதைத்தான். கையில் பிடித்தால் மரமே தெரியும், வழுக்காது. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேய்த்தால் போதும். கடையில் 'கொதிக்கவைத்தது' என்று விற்பது பெரும்பாலும் கொதித்ததே இல்லை. சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்தது. டங் மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் இதைவிட ஒரு படி மேல்: தண்ணீரை இன்னும் கொஞ்சம் தாங்கும், நாள்பட அவ்வளவாகக் கருக்காது. ஆனால் உலரப் பொறுமை வேண்டும். இரண்டிலும் ஒரு எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது உலரும்போதே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள்.

சரி, ஈரத்தை எது தடுக்கிறது? விஸ்கான்சினில் மேடிசன் நகரத்தில் இருக்கும் அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகம் இதை அளந்தே பார்த்திருக்கிறது. பூச்சு அடித்த மரத்தை 90 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் 14 நாள் வைத்து, பூச்சே இல்லாத மரத்தோடு ஒப்பிட்டார்கள். மூன்று கோட் அடித்தும் ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் இரண்டும் தடுத்த அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. பாலியூரித்தேன் வார்னிஷ் பாதியைத் தொடவில்லை. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் எபாக்சிப் பிசின் 90 விழுக்காட்டைத் தாண்டியது. பலரும் எதிர்பார்க்காதது அரக்கு (ஷெல்லாக்): காற்றின் ஈரத்தைத் தடுப்பதில் பாலியூரித்தேனுக்குச் சளைக்கவில்லை. ஆனால் தண்ணீர் தேங்கினால் அரக்கு வெளுக்கும், சாராயம் பட்டால் கரையும். சோவியத் மோசின்-நகாந்த் ராணுவத் துப்பாக்கிக் கட்டைகளில் அந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்க்கலாம். மழையில் போகிற துப்பாக்கிக்கு அரக்கு வேண்டாம்.

அப்புறம் மிஞ்சுவது படலம் கட்டும் பூச்சுகள். பர்ச்வுட் கேஸி நிறுவனத்தின் ட்ரூ-ஆயில் பெயரில்தான் எண்ணெய். உலர்ந்தால் மெல்லிய படலமாகிவிடும். விரலால் மெல்லிசாகத் தேய்த்து, உலரவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். தடிமனாக அடித்தால் மேலே உலர்ந்து உள்ளே பிசுபிசுக்கும். அழகுக்கும் மழைக்கும் நடுவே இது நல்ல சமரசம், வீட்டிலேயே செய்யலாம். பாலியூரித்தேன் இன்னும் கடினம். ரெமிங்டன் நிறுவனம் தன் 700 பிடிஎல் துப்பாக்கிக் கட்டைகளுக்கு டுபாண்ட் வேதிநிறுவனத்தின் பூச்சைப் போட்டது; போலிங் விளையாட்டின் மரக்குண்டாந்தடிகளுக்குப் போடும் பூச்சு அது. அடி தாங்கியது உண்மைதான். ஆனால் கட்டை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, காட்டில் அது தொல்லை. ஒரு பாறையில் உரசிப் படலம் கிழிந்தால் அந்த வழியாக ஈரம் உள்ளே போய், வெளியேற வழியில்லாமல் வெள்ளையாகப் பூத்து, சுற்றி உரியத் தொடங்கும். புதுக் கோட் பழையதோடு கரைந்து சேராது. உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும். அதனால் தடித்த பளபளப்பு வேண்டாம். முதல் கோட்டைத் தின்னர் கலந்து நீர்க்க விட்டு மரத்துக்குள் இறக்குங்கள். அடுத்தடுத்த கோட்டை ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்து, வரும் சேற்றால் மரத்தின் துளைகளை அடையுங்கள். மேலே படலம் ஏறாமல் துளைக்குள்ளேயே பூச்சு நிற்பதால் கீறலும் தெரியாது.

கப்பல் பாய்மரத்துக்கான ஸ்பார் வார்னிஷ் வெயிலைத் தாங்கும், வளைந்துகொடுக்கும். ஆனால் மெத்தென்று இருப்பதால் தோள்வார் தழும்பு விழும். எபாக்சியைத் தனியாக வெளியே விட்டால் வெயிலில் மாவாக உதிரும், மேலே வார்னிஷ் வேண்டும்.

என் தேர்வு: மழைத் துப்பாக்கிக்குத் துளைக்குள் இறக்கிய பாலியூரித்தேன், எப்போதாவது மட்டும் நனைவதற்கு ட்ரூ-ஆயில். பழைய ராணுவத் துப்பாக்கிக்கு அதன் சொந்தப் பூச்சைத் தவிர வேறெதுவும் வேண்டவே வேண்டாம். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

இதையெல்லாம்விட முக்கியம், கண்ணுக்குத் தெரியாத இடங்கள். தோளில் படும் ரப்பர் தட்டைக் கழற்றினால் மரத்தின் வெட்டுமுகம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். ஈரம் மற்ற இடத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஏறுவது அங்கேதான். குழல் கிடக்கும் பள்ளம், திருகுத் துளைகள், விசைப்பகுதி உட்காரும் குழி எல்லாமே அப்படித்தான். எபாக்சியைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. பழைய எண்ணெய் ஊறியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிடிக்காது. நீர்க்க, மெல்லிசாக அடியுங்கள். தடித்தால் விசைப்பகுதி சரியாக உட்காராது. குழல் கட்டையைத் தொடாமல் நிற்கும்படி அமைத்த துப்பாக்கி என்றால், மாட்டிய பிறகு ஒரு தாளைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள். மழைக்குப் போய்வந்த பிறகும் அது தடையில்லாமல் ஓட வேண்டும்.