லயத்து வாசலுக்கு வரும் நூலகம்: அதன் வரலாற்றுப் புனைவு அலமாரி பற்றி

வண்டிப்பெரியாற்றுப் பக்கம் ஒரு கிராம நூலகம், தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு வீடு தேடி நூல் கொண்டுவரும் சேவையை நடத்திவருகிறது. கேரளத்தில் நூலகம் ஊர்தோறும் வேரூன்றிய அமைப்பு. 1945-இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்ததே, வாசலைத் தாண்டி வர இயலாதவர்களிடம் நூலையே அனுப்பும் இந்த வழக்கமும். காலையில் பிரட்டுக்கு (பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு)ப் போய், மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு, தண்ணீரும் விறகும் பார்க்க வீடு திரும்பும் ஒருத்தி, நூலகம் திறந்திருக்கும் வேளையில் அங்கே போய் நிற்பது நடவாத காரியம் என்பதால், லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இச்சேவைக்குத் தனி மதிப்பு உண்டு.

நூல்களைச் சுமந்து வருகிறவர் அதே தோட்டத்தில் வளர்ந்தவர், எல்லோருக்கும் அக்கா. யார் எதைப் பாதியில் விட்டார், யாருக்குக் கண் மங்கலாகிப் பெரிய எழுத்து வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நூலைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து முதல் இரண்டு பக்கங்களைத் தாமே வாசித்துக் காட்டி, கேட்பவருக்குப் பிடித்தால்தான் பதிவேட்டில் எழுதுகிறார். சேவையின் மிகச் சிறந்த அம்சம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

நான் முக்கியமாக எழுத விரும்புவது, அவர் பையில் அதிகம் சுற்றும் ஒரு வகை நூல்களைப் பற்றி: பஞ்சம் பிழைக்க மலையேறியவர்களையும் கடல் கடந்தவர்களையும் பற்றிய வரலாற்றுப் புனைவுகள். தங்கள் பாட்டிமாரின் கதை என்று கேட்டு வாங்கி வாசிக்கிறார்கள். ஆனால் வாசித்து முடித்தவர்களின் முகத்தில் நிறைவு இருப்பதில்லை. அதன் காரணம் அந்த நூல்களுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளியான நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று இங்கே கிடைக்கிறது. அட்டை கிழிந்து, இருமுறை பைண்டிங் செய்யப்பட்ட பிரதி. முன்பணம் எப்படிக் கடனாகிறது, காய்ச்சலில் விழுந்தவன் கணக்கில் எப்படிக் கடனாளியாகவே நீடிக்கிறான் என்பதை அந்த நாவல் அளவுக்குத் தெளிவாகச் சொன்ன எழுத்து குறைவு. என்றாலும் வள்ளி அதில் கருப்பனின் மனைவியாகத்தான் மலையேறுகிறாள். அவளுக்கு நேரும் ஆபத்துகளின் வழியாகவே பெரும்பாலும் அவளை அறிகிறோம். புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் மருதியை இலங்கைத் தோட்டத்துக்கு அனுப்பியபோதும், அவள் உடலுக்கு நேர்ந்த கொடுமைதான் கதையின் அச்சு. அந்தக் கொடுமைகள் உண்மை. அவற்றை எழுதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பின்னால் வந்த பலரும் அதே தடத்தில் நடந்து, துரையின் பார்வை, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியின் கை, பெண்ணின் கண்ணீர் என்று மூன்று காட்சிகளில் ஒரு தலைமுறைப் பெண்களை அடக்கிவிட்டார்கள்.

விடுபட்டது அவளுடைய வேலை. அலமாரியில் உள்ள ஒரு நாவலில், பெயர் வேண்டாம், பெண்கள் மழையில் நனைந்து பாடிக்கொண்டே கொழுந்து கிள்ளும் அழகான பத்தி ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் முன்பு இரவல் வாங்கிய யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்: “ஈர எலைக்கு எடை கழிப்பாங்க. முத்தின எலை சேந்தா அதுக்கும் கழிப்பாங்க. அவ கணக்கு போட்டுக்கிட்டு இருப்பா.” அந்த நாவல் முழுவதிலும் இந்த மூன்று வரிகளுக்கு ஈடான உண்மை இல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வேகம் குறையாமல் எடுக்கத் தேர்ந்த கை, கழிவு போக எத்தனை கிலோ நிற்கும் என்று மனத்துக்குள் ஓடும் கூட்டல், ஒரே பிரட்டில் நின்றும் ஆணைவிடக் குறைந்த கூலி பெற்ற வலி (சம ஊதியச் சட்டம் 1976-இல்தான் வந்தது) ஆகியவை புனைவில் இடம்பெறாதவரை அவள் பரிதாபத்துக்குரிய உருவமாகவே நிற்பாள்.

புறப்பாட்டிலும் இதே குறைதான். புருஷன் முன்னே நடக்க, மூட்டையோடு பின்னே நடப்பவளாகவே அவள் வருகிறாள். திண்ணை வாசிப்பு ஒன்றில் இதைக் கேட்ட ஒரு மூதாட்டி குறுக்கிட்டார்: “எங்க அப்பத்தா புருசன் கூட வரலம்மா. தாலி அறுத்தப்புறம் அவ அக்காளையும் கூட்டிக்கிட்டு கூடலூர்லருந்து குமுளி ஏறி வந்தா. ஊர்ல இருந்தா சோறு போட ஆளில்லன்னு அவளே முடிவெடுத்தா.” விதவையாக, சகோதரியாக, ஒரு கொடுமையிலிருந்து தப்பியவளாக மலையேறியவர்களின் கதையை எழுதுவதற்கு இதைவிட வலுவான தொடக்கம் வேண்டுமா?

வரலாற்றுப் புனைவு வெள்ளைக்காரத் துரையோடு முடிந்துவிடுவது எனக்கு இன்னொரு மனக்குறை. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றபோது, இருந்த இடத்தை விட்டு நகராமலே இந்தப் பெண்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். 2000-ஐ ஒட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் வரிசையாக மூடப்பட்ட காலத்தைக் கடந்தார்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி நிறுத்தி, 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். அழுதுகொண்டே இருந்த பாட்டிகளுக்கு இப்படிப்பட்ட பேத்திகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு நம் நாவல்களில் விடை கிடையாது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வந்து, இருட்டுமுன் திரும்பும் பெண்களோ இந்த அலமாரியின் எந்த நூலிலும் இல்லை.

சேவையின் குறைகளையும் சொல்ல வேண்டும். நூற்பட்டியல் மலையாளத்தில் மட்டுமே இருப்பதால், தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் அக்காவின் பையில் வருவதைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. இலங்கை மலையகத் தமிழர் வாழ்வைப் பெண்ணொருவர் எழுதிய, 1964-இல் வெளியான கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இங்கே இல்லை. இந்த அலமாரிக்கு முதலில் வாங்க வேண்டிய நூல் அது. தவணை இரண்டு வாரம் என்பது, பருவ காலத்தில் இரவில் மட்டும் வாசிப்பவர்களுக்குப் போதாது. ஓரக் குறிப்புகளை அழிப்பான் கொண்டு அழிக்கும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். தனி நோட்டில் படியெடுத்து வைத்தால் நாளைய நாவலாசிரியருக்கு அதுவே ஆவணமாகும்.

இப்போது அதே லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் பெண்கள் வந்து குடியிருக்கிறார்கள். அவர்களுக்கான இந்தி, அசாமிய நூல்களைக் கேட்டு அக்கா நூலகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சந்தா மிகக் குறைவு. தோட்டப் பகுதியில் இருப்பவர்கள் சேரலாம், எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் மேலே சொன்ன நூல்களின் நல்ல பிரதி ஒன்றையாவது வாங்கிக் கொடுக்கலாம்.