பீக் ஃப்ளோ மீட்டர்: இன்ஹேலருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியது

ஆஸ்துமா உள்ளவர்களிடம் இன்ஹேலர் இருக்கும், ஆனால் இந்தச் சின்ன பிளாஸ்டிக் குழாய் பலரிடம் இருப்பதில்லை. எனக்கு இது ரொம்பப் பயன்பட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது. நிமிர்ந்து நின்று, மூச்சை முழுக்க உள்ளே இழுத்து, உதட்டை இறுக்கமாகப் பொருத்தி ஒரே வேகத்தில் 'உஃப்' என்று ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று வெளியே வந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. மூச்சுக்குழாய் சுருங்கச் சுருங்க எண்ணும் இறங்கும்.

இறுக்கம் மெதுவாக ஏறினால் உடம்பு அதற்குப் பழகிவிடும், ஆஸ்துமாவில் எனக்குப் பயமே இதுதான். மாடிப்படியில் பாதியில் நிற்கிறோம், ராத்திரி இருமலில் எழுந்துகொள்கிறோம், இருந்தும் யாராவது கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறோம். சளி பிடிக்கும்போது வீசிங் சத்தம் கேட்பதற்கு முன்பே என் காலை எண் இறங்க ஆரம்பித்துவிடுகிறது, டாக்டர் எழுதிக்கொடுத்த திட்டப்படி அப்போதே மருந்தைச் சரிசெய்ய முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

குறை என்றால் முதலில் கூடவே வரும் தாளைத்தான் சொல்வேன். வயது, உயரம் வாரியாக ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, நமக்கு முக்கியம் நம்முடைய சொந்த உச்ச அளவுதான். நோய் நன்றாகக் கட்டுக்குள் இருக்கும் 2 வாரங்கள் காலையும் மாலையும் மும்மூன்று தடவை ஊதி, மூன்றில் பெரியதைக் குறித்துக்கொண்டே வந்தால் அது தெரிந்துவிடும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு என்றால் உடனடி நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் மருத்துவ உதவி தேட வேண்டும். இந்த எல்லைகளைக் குறிக்க என் மீட்டரில் இருக்கும் கிளிப்புகள் தளர்வானவை, பையில் போட்டால் நகர்ந்துவிடுகின்றன, அதனால் நான் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம், அரைமனதாக ஊதினால் எண்ணும் அரைகுறையாகத்தான் வரும். நாக்கு துளையை அடைத்தாலோ விரல் முள்ளைத் தடுத்தாலோ கணக்கு தப்பும். 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளால் பெரும்பாலும் சரியாக ஊத முடியாது, அவர்களுக்கு இது வேண்டாம். எண் பச்சையில் இருந்தாலும் மூச்சு முட்டினால் மூச்சு முட்டுவதைத்தான் நம்ப வேண்டும். பச்சையிலேயே இருக்கிறது என்று தினசரி தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, அந்த மருந்தால்தான் அது பச்சையில் இருக்கிறது.

வேறு கம்பெனி மீட்டருக்கு மாறினால் பழைய எண்களோடு ஒப்பிட வேண்டாம், உச்ச அளவை அதிலேயே புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.