பாக்ஸ்-8 ஆன்டிபாடி: குப்பியை மாற்றிய கதை

எங்களுடையது கையால் ஸ்லைடு போடும் சின்ன லேப். மெஷின் எல்லாம் கிடையாது. குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஈரத் துணி விரித்த டப்பா, அவ்வளவுதான். பாக்ஸ்-8 என்பது கருப்பை, சினைப்பை போன்ற உறுப்புகளின் செல் கருவில் இருக்கும் ஒரு புரதம். அதைப் பிடித்துப் பழுப்பாகக் காட்டும் ஆன்டிபாடியைத் திசுத் துண்டில் போட்டு, புற்று எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதற்குப் பல வருஷமாகப் பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) குப்பியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். மோனோகுளோனலுக்கு (ஒரே வகை ஆன்டிபாடி) மாறி ஐந்து மாதம் ஆகிறது.

மாறக் காரணம் ஒரு நெறிக்கட்டி, அதாவது வீங்கிய நிணநீர்க் கணு. வயதான அம்மா ஒருவருக்குத் தொடையிடுக்கில் வந்தது. புற்று என்பது தெரிந்துவிட்டது. கருப்பை, சினைப்பை பக்கத்திலிருந்து வந்ததா, குடலிலிருந்தா என்பதுதான் கேள்வி. பழைய குப்பியில் போட்டால் கட்டியும் பழுப்பு, சுற்றியிருந்த லிம்போசைட்டும் (கணுவில் இயல்பாகவே இருக்கும் வெள்ளணு) பழுப்பு. "எது கட்டி, எது கணு? திரும்பப் போடுங்க" என்றார் ஸ்லைடு பார்க்கும் டாக்டர் மேடம். கலவையில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை போட்டேன். தப்பு என்னுடையது இல்லை. பி-லிம்போசைட்டில் இருக்கும் பாக்ஸ்-5, இதன் உடன்பிறப்பு மாதிரி. பாலிகுளோனல் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது.

புதுக் குப்பியை அதே பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) வெட்டிய துண்டில் போட்டேன். கட்டி செல்களின் கருக்கள் காபி டிகாஷன் நிறத்தில் நின்றன, லிம்போசைட் எல்லாம் நீலம், அதாவது ஆன்டிபாடி பிடிக்கவில்லை. மேடம் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஸ்லைடைக் கேட்டார். அவரிடம் அதுதான் பாராட்டு.

சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒப்பிடும் கண்ட்ரோலுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் வரும் கருக்குழாய்த் துண்டே போதும். சுரக்கும் செல்கள் பழுப்பாகும், பக்கத்தில் முடி முளைத்த செல்கள் பெரும்பாலும் நீலமாகவே இருக்கும். ஒரே துண்டில் இரண்டும் கிடைத்துவிடும். ஆன்டிபாடி பிடிப்பதற்காகத் துண்டை முதலில் குக்கரில் கொதிக்க வைப்போம். சிட்ரேட் கரைசல், பிஎச் 6-இல் கொதிக்க வைத்தபோது நிறம் வெளிறிப்போனது. பிஎச் 9-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

இது ஒன்றே போதும் என்று விற்க வந்தவர் சொன்னார். போதாது. சிறுநீரகப் புற்றும் தைராய்டு புற்றும்கூட இதில் பழுப்பாகும். சினைப்பையா, கருப்பை உள்சுவரா என்றும் இது பிரித்துச் சொல்லாது. சீரஸ் வகை (இரண்டு இடத்திலும் வரக்கூடிய ஒரு புற்று வகை) என்றால் கூடவே டபிள்யூடி-1 என்ற இன்னொரு ஆன்டிபாடி போட வேண்டும்: சினைப்பையில் வந்தது பெரும்பாலும் பிடிக்கும், உள்சுவரில் வந்தது பெரும்பாலும் பிடிக்காது. குடல் சந்தேகத்துக்கு சிகே-20, சிடிஎக்ஸ்-2 ஆன்டிபாடிகள் வேறு.

விலைதான் உறுத்துகிறது, பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதம் நாலு கேஸ் வரும் எங்களுக்கு ஒரு மில்லி குப்பி காலாவதித் தேதிக்குள் தீராது. அடுத்த தடவை 0.1 மில்லி கேட்டிருக்கிறேன்.